கம்பஸ் ஈமெயில் மூடப் போகினம்: அதிலை திறந்த கணக்குகளை எப்பிடி மாத்துறது?

திருநெல்வேலி_சந்தி
வணக்கம் அண்ணாமார், அக்காமார். கம்பஸ் முடிஞ்சுது, கெதியிலை எங்கட பட்ச்சின்ரை ஈமெயிலுகளை மூடப் போகினம். அது கூகுளிலை ஓடுற ஈமெயில். வேலை தேடுற லிங்க்டின், ப்ரோக்ராம் கோட் சேமிக்கிற கிட்ஹப், டிசைன் செய்யிற கான்வா மூண்டும் அந்த முகவரியிலைதான் திறந்தது. கான்வாவுக்குப் பாஸ்வேர்டே இல்லை, கூகுள் பட்டனை அமத்தித்தான் உள்ளை போறது. கூகுள் ட்ரைவிலை ப்ரொஜெக்ட் பைலுகளும் கிடக்கு. சொந்த ஜிமெயில் ஒண்டு இருக்கு. எதை முதல் செய்யோணும்? பேசாமல் எல்லாத்தையும் புதுசாத் திறந்தாக் காணாதோ?

பனங்கூடல்
புதுசாத் திறக்காதேங்கோ. லிங்க்டினிலை சேர்த்த ஆக்கள், கிட்ஹப்பிலை கிடக்கிற வேலை எல்லாம் பழைய கணக்கோடை போயிடும். முகவரியை மட்டும் மாத்தினாக் காணும். ஆனால் பழைய பெட்டி திறக்கிற காலத்துக்குள்ளை செய்து முடிக்கோணும். சில தளங்கள் மாத்தவோ எண்டு கேட்டு, உறுதிப்படுத்துற இலக்கத்தை (கோட்) பழைய முகவரிக்குத்தான் அனுப்பும். பெட்டி மூடினாப் பிறகு அந்தக் கோட் இலக்கத்தை எங்கை போய் எடுக்கிறது?

லிங்க்டினிலை செட்டிங்ஸுக்குள்ளை 'சைன் இன் அன்ட் செக்யூரிட்டி', அதுக்குள்ளை 'ஈமெயில் அட்ரெசஸ்'. புது ஜிமெயிலைச் சேர்த்து, வாற மெயிலிலை உறுதிப்படுத்தி, அதைப் பிரதான முகவரியாக்க 'மேக் ப்ரைமரி' குடுங்கோ. பழசை உடனை அழிக்காதேங்கோ. லொக் அவுட் பண்ணி, புது முகவரியாலை ஒருக்கால் உள்ளை போய்ப் பாத்திட்டு அழியுங்கோ. பெரும்பாலான தளங்களுக்கு இதுதான் ஒழுங்கு.

'இந்த முகவரி ஏற்கெனவே பாவனையிலை இருக்கு' எண்டு வந்தால், எப்பவோ அந்த ஜிமெயிலிலை இன்னொரு கணக்குத் திறந்து மறந்திருக்கிறியள். அதுக்குள்ளை போய் முகவரியை விடுவிச்சால்தான் இஞ்சை சேரும். லிங்க்டினிலை ரெண்டு கணக்கை ஒண்டாக்கலாம், ஆனால் வாறது கனெக்‌ஷன்ஸ் மட்டும்தான்.

கோட் வரேல்லை எண்டு திருப்பித் திருப்பி அமத்தாதேங்கோ. புதுசு கேட்டால் முந்தினது பெரும்பாலும் செல்லாமப் போயிடும், கடைசியா வந்ததைத்தான் போடோணும். ஸ்பாமையும் பாருங்கோ. அதுக்கு முதல் முகவரியின்ரை கடைசியிலை '.com' எண்டதை '.con' எண்டு அடிச்சிருக்கோ எண்டு பாருங்கோ, கனபேர் பிழை விடுறது அதிலைதான்.

வல்லை_வெளி
கிட்ஹப்புக்கு நான் சொல்லுறன், அது கொஞ்சம் வேறை. செட்டிங்ஸிலை 'ஈமெயில்ஸ்' எண்ட பக்கத்திலை புதுசைச் சேர்த்து ப்ரைமரி ஆக்குங்கோ. ஆனால் பழசை அழிக்க முதல் யோசியுங்கோ. கொமிற் (நீங்கள் சேமிச்ச ஒவ்வொரு மாற்றத்தின்ரை பதிவு) ஒவ்வொண்டும் அதுக்குள்ளை இருக்கிற ஈமெயிலை வைச்சுத்தான் உங்கட ப்ரொபைலோடை சேரும். கம்பஸ் முகவரியை எடுத்தால் நாலு வருச வேலையிலை உங்கட பேர் கழண்டிடும், ப்ரொபைலிலை எந்த நாள் வேலை செய்தியள் எண்டு காட்டுற பச்சைக் கட்டங்களும் போயிடும். வேலைக்கு விண்ணப்பிக்கிற நேரத்திலை உது வேண்டாத வில்லங்கம்.

அப்ப பழசை விட்டு வைக்கலாம், அதிலையும் ஒரு ஓட்டை இருக்கு. அந்த முகவரியைப் பிறகு இன்னொரு மாணவருக்குக் குடுத்தால், பாஸ்வேர்ட் ரீசெற் மெயில் அவரிட்டைப் போகும். அதே பக்கத்திலை 'பக்கப் ஈமெயில்' எண்ட இடத்தை 'ஒன்லி அலவ் ப்ரைமரி ஈமெயில்' எண்டு மாத்துங்கோ. கொமிற்றும் உங்களோடை நிக்கும், ரீசெற்றும் அங்காலை போகாது. கொம்பியூட்டரிலை கிட் மென்பொருளின்ரை செட்டிங்ஸான கிட் கொன்பிக்கிலையும் ஈமெயிலை மாத்த மறக்காதேங்கோ, இல்லாட்டி புதுக் கொமிற்றும் பழைய முகவரியிலைதான் விழும்.

கிட்ஹப்பிலை இரட்டைப் பூட்டு (பாஸ்வேர்டோடை இன்னொரு கோட்டும் கேக்கிறது) போட்டிருந்தால், அது முடங்கினால் உள்ளை போக உதவுற ரிகவரி கோட் 16ஐயும் இறக்கிப் பேப்பரிலை எடுத்து வையுங்கோ. அந்தக் கோட்டைத் தாற கூகுள் ஓதென்டிகேட்டர் ஆப்பைப் பாவிச்சால், மேலை வலது மூலையிலை எந்தக் கணக்கின்ரை படம் நிக்குதெண்டு பாருங்கோ. கம்பஸ் கணக்கெண்டால் கோட்டெல்லாம் அதோடைதான் சிங்க் ஆகியிருக்கு, உடனை சொந்தக் கணக்குக்கு மாத்துங்கோ.

சுன்னாகம்_கரண்ட்
கான்வா மாதிரி கூகுள் பட்டனாலை போற கணக்குகள்தான் உண்மையிலை ஆபத்து. கம்பஸ் கணக்கு மூடின அண்டைக்குக் கதவும் மூடும். இப்பவே உள்ளை போய் அக்கவுண்ட் செட்டிங்ஸிலை பாஸ்வேர்ட் ஒண்டை வையுங்கோ, பிறகு ஈமெயிலை மாத்துங்கோ, கடைசியா கம்பஸ் கூகுள் இணைப்பைக் கழட்டுங்கோ. வரிசை மாறினாக் கஷ்டம்.

மறந்துபோன கணக்குகளும் இருக்கும். கம்பஸ் கூகுள் கணக்கிலை செக்யூரிட்டிக்குள்ளை வேறை ஆப்புகளோடை இருக்கிற தொடர்புகளின்ரை பட்டியல் நிக்கும். இன்பொக்ஸிலை 'வெரிபை', 'வெல்கம்' எண்டு தேடினாலும் பாதி வெளியிலை வரும். குரோமிலை சேமிச்ச பாஸ்வேர்டுகள் எந்தக் கணக்கிலை கிடக்கெண்டும் பாருங்கோ.

இன்னொண்டு: சொந்த ஜிமெயிலின்ரை ரிகவரி ஈமெயில் கம்பஸ் முகவரியாய் இருக்கக் கூடாது. அதை மாத்தினாலும் 7 நாளைக்குக் கூகுள் பழைய முகவரிக்குக் கோட் அனுப்பக்கூடும், அதாலை கடைசி நாள் மட்டும் பாத்துக்கொண்டிராதேங்கோ.

திருநெல்வேலி_சந்தி
நல்ல உதவி. லிங்க்டினும் கிட்ஹப்பும் முடிஞ்சுது. ட்ரைவைச் சொந்தக் கணக்குக்கு நேரை அனுப்பலாமெண்டு கேள்விப்பட்டன், அந்தப் பட்டனைக் காணேல்லை.

சுன்னாகம்_கரண்ட்
'ட்ரான்ஸ்பர் யுவர் கொன்டென்ட்' எண்டதைத்தானே? அதை அட்மின் நிப்பாட்டி வைக்கலாம். ஐடி பிரிவிலை கேட்டுப் பாருங்கோ. திறந்து விட்டால் ஜிமெயிலும் ட்ரைவும் பிரதியாய் வரும், வந்து முடிய ஒரு கிழமை வரை செல்லலாம். சொந்தக் கணக்கிலை இலவச இடம் 15 ஜிபிதான், அதுக்கு முதல் துப்பரவு பண்ணுங்கோ.

திறக்கமாட்டம் எண்டால் கூகுளின்ரை தரவு இறக்கிற சேவையான 'டேக்அவுட்'டாலை இறக்குங்கோ. டொக்ஸ் பைலுகள் வேர்ட் பைலாய் வரும், மெயிலுகள் எம்பொக்ஸ் (.mbox) எண்ட வகைப் பைலாய் வரும். தயாரானதும் வாற லிங்க் ஒரு கிழமைதான் செல்லும். போன் டேட்டாவிலை இறக்க வெளிக்கிடாதேங்கோ, ஆரும் பைபர் வீட்டுக்கு லப்டொப்பைக் கொண்டு போங்கோ. கூட்டாளிமார் உருவாக்கி உங்களுக்கு 'ஷெயார்' பண்ணின பைலுகள் இதுக்குள்ளை வராது. குறூப் ப்ரொஜெக்ட் ரிப்போர்ட் ஆற்றை ட்ரைவிலை கிடக்கெண்டு பாத்து, அதுக்கு வேறையாப் பிரதி எடுங்கோ.