விங்க்ளரும் சென்சாரும் ஒத்துப்போகவில்லை (அரபிக்கடல், 300 மீட்டர்)

வணக்கம். கிழக்கு அரபிக்கடலில் ஆக்சிஜன் குறைந்த அடுக்கில் கோபிபாடுகள் (நீரில் மிதந்து வாழும் நுண்ணிய ஓட்டுயிரிகள்) எந்த ஆழம்வரை இறங்குகின்றன என்று பார்க்கிறேன். உயிரிகளை எண்ணி முடித்தாயிற்று. ஆக்சிஜன் அளவில்தான் மாட்டிக்கொண்டேன்.

இடம் கோவாவுக்கு மேற்கே, ஆழம் 300 மீட்டர், போன பிப்ரவரிப் பயணம். விங்க்ளர் டைட்ரேஷனில் (நீரில் கரைந்த ஆக்சிஜனை வேதிமுறையில் அளப்பது) லிட்டருக்கு 6 மைக்ரோமோல் வருகிறது. சிடிடியுடன் (உப்புத்தன்மை, வெப்பநிலை, ஆழம் அளக்கும் கருவி) இறக்கிய மின்முனை சென்சார் 1-க்குப் பக்கத்தில் காட்டுகிறது. மேல்நீரில் இரண்டும் அழகாக ஒத்துப்போகின்றன. 5 மைக்ரோமோல் பெரிய விஷயமா என்று கேட்காதீர்கள். நைட்ரேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் ஏறக்குறைய பூச்சியமாக வேண்டும். எந்த எண்ணை நம்புகிறேனோ அதைப் பொறுத்து என் படமே மாறிவிடும்.

முதலில் நைட்ரைட் மீதுதான் சந்தேகம், அது விங்க்ளர் அளவைக் கூட்டிக் காட்டும். முடிவுப்புள்ளி (ஸ்டார்ச்சின் நீலம் மறையும் இடம்) தாண்டியும் நீலம் திரும்பி வந்துகொண்டிருந்தது. நைட்ரைட்டை அழிக்கும் சோடியம் அசைடு சேர்த்ததும் அது நின்றது. மேலே சொன்ன 6 அதற்குப் பிறகு வந்ததுதான். டைட்ரேஷனில் சொட்டும் தயோசல்பேட்டை அயோடேட்டால் மறுபடி தரப்படுத்தினேன். பிளாங்க் (வெற்றுச் சோதனை) பார்த்தேன், வினைப்பொருள்களில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் கழித்தேன். நிஸ்கின் குடுவை (ஆழத்தில் நீர் பிடிக்கும் பிளாஸ்டிக் கலம்) மேலே வந்ததும் மற்ற எல்லாருக்கும் முன்னால் நீர் பிடித்து, பாட்டிலை மூன்று மடங்கு வழியவிட்டேன். குமிழி இல்லை. சென்சார் பயணத்துக்கு முன் அளவுத்திருத்தம் செய்யப்பட்டது, ஆனால் பூச்சிய ஆக்சிஜனில் அல்ல.

இதே அடுக்கில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்: நிஸ்கின் பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் ஆக்சிஜன் மட்டுமே இவ்வளவு வித்தியாசம் தருமா, இல்லை சென்சாரின் பூச்சியப் புள்ளியைத்தான் முதலில் சோதிக்க வேண்டுமா?