அலாஸ்காவில் கரடித் தற்காப்புக்கு 10 மி.மீ. பிஸ்டலா, .44 மேக்னம் ரிவால்வரா?

கேள்வி:
வரும் கோடையில் அலாஸ்காவின் சால்மன் ஆறுகளில் மீன் பிடிக்கவும், கரையிலேயே கூடாரமிட்டுத் தங்கவும் இருக்கிறேன். பழுப்புக் கரடிகள் நடமாடும் பகுதி என்பதால் கைத்துப்பாக்கி ஒன்று வாங்க வேண்டும். 10 மி.மீ. ஆட்டோ தோட்டாவைச் சுடும் பிஸ்டல், .44 மேக்னம் தோட்டாவைச் சுடும் ரிவால்வர் (சுழல் துப்பாக்கி) ஆகிய இரண்டில் எது பொருத்தம்? தற்காப்புக்கென விற்கப்படும் ஹாலோ பாயிண்ட் தோட்டாக்கள் கரடிக்கும் உதவுமா?

மறுமொழி 1:
துப்பாக்கியைவிடத் தோட்டாவைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும். ஹாலோ பாயிண்ட் குண்டு உடலுக்குள் புகுந்ததும் விரிந்து, அதிக ஆழம் போகாமல் நின்றுவிடும்படி செய்யப்பட்டது; மனிதரிடமிருந்து காத்துக்கொள்ள அது சரி, ஆனால் தடித்த தோல், கொழுப்பு, தோள் தசை, கனத்த எலும்பு எல்லாவற்றையும் கடந்து மூளையையோ முதுகுத்தண்டையோ எட்ட வேண்டிய இடத்தில் அந்த விரிவே தடையாகிவிடும். எனவே ஈயத்துடன் ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்து வார்த்த, தட்டை முனை கொண்ட ஹார்ட் காஸ்ட் (எளிதில் விரியாத கெட்டி வார்ப்பு) குண்டுகளையே தேர்ந்தெடுங்கள். 10 மி.மீ.யில் 200 அல்லது 220 கிரெய்னும் (கிரெய்ன் என்பது குண்டின் எடையைக் குறிக்கும் அலகு), .44 மேக்னத்தில் 240 முதல் 305 கிரெய்ன் வரையும் வழக்கத்தில் உள்ளன. கனமான தோட்டாக்கள் சில பிஸ்டல்களில் சிக்கிக்கொள்வதுண்டு. கொண்டு போகப்போகும் அதே தோட்டாவை உங்கள் பிஸ்டலில் பலமுறை சுட்டுப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

மறுமொழி 2:
தோட்டாவைப் பற்றி மேலே நண்பர் எழுதியதை ஏற்கிறேன். ஆனால் குறி தவறினால் எந்தத் தோட்டாவும் பயன்படாது. எடை குறைந்த .44 ரிவால்வரின் உதைப்பு, இரண்டாவது குண்டை விரைவாகக் குறிபார்க்கவிடாது. கிளாக் 20 போன்ற 10 மி.மீ. பிஸ்டல் 15 தோட்டாக்களைக் கொள்வதோடு கட்டுப்படுத்தவும் எளிது. எனினும் கரடி மேலே விழுந்துவிட்ட நிலையில், அதன் உடலில் குழல் முனையை அழுத்தினால் பிஸ்டலின் ஸ்லைடு (முன்னும் பின்னும் நகரும் மேற்பகுதி) பின்னுக்குத் தள்ளப்பட்டு வெடிக்காமல் போகக்கூடும். ரிவால்வருக்கு அந்தத் தொல்லை இல்லை. பழகிய கைக்கு நான் ரிவால்வரையே சொல்வேன், புதியவருக்கு 10 மி.மீ. எதுவானாலும் மார்பு உறையில் அணியுங்கள்; இடுப்பு உறையை முதுகுப்பையின் பட்டையும் நீர்க்காலுடையும் மறைத்துவிடும்.

மறுமொழி 3:
கரடி ஸ்பிரேயையும் (கரடியை விரட்டும் மிளகாய்க் காரத் தெளிப்பான்) சேர்த்து வைத்திருங்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை நடந்த நிகழ்வுகளை ஆராய்ந்து கரடி ஆய்வாளர்கள் டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ முதலியோர் 2008-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, பழுப்புக் கரடிகளிடம் ஸ்பிரே 92 விழுக்காடு பலனளித்தது. விமானத்தில் அதைக் கொண்டுசெல்ல அனுமதியில்லை என்பதால் அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள். உயிர்காக்கக் கரடியைச் சுட்டுக் கொல்ல நேர்ந்தால், அலாஸ்கா விதிப்படி தோலையும் மண்டையோட்டையும் எடுத்து அரசிடம் ஒப்படைத்து, 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் அறிக்கை தர வேண்டும். ஆகவே தோலுரிக்கும் கத்தியும் பையில் இருக்கட்டும்.