வைரஸ் தடுப்பானோட சேர்ந்தால் மினிஃபில்டர் உறைகிறது

வெள்ளவத்தை:
எங்கட என்கிரிப்ஷன் மினிஃபில்டர் (விண்டோஸில கோப்பு வாசிக்கிறது, எழுதுறதை இடைமறிச்சு மறையாக்கிற டிரைவர்) தனியே நல்லா ஓடுது. வைரஸ் தடுப்பான் இருக்கிற கணினியில வேர்ட் கோப்பைச் சேமிச்சால் அப்படியே உறைஞ்சு நிக்குது. நீலத்திரை வரேல்ல. எதிலயிருந்து சோதிக்கிறது?

கொட்டாஞ்சேனை:
முதல்ல நிர்வாகி உரிமையோட 'எஃப்எல்டிஎம்சி இன்ஸ்டன்சஸ்' கட்டளையைக் குடுத்து ஆல்டிடியூட்டை, அதாவது அடுக்கில ஒவ்வொரு ஃபில்டரும் நிக்கிற உயரத்தின்ர எண்ணைப் பாருங்கோ. வைரஸ் தடுப்பான் 320000–329998க்குள்ள, என்கிரிப்ஷன் 140000–149999க்குள்ள இருக்கவேணும். கூடின எண்ணுக்குத்தான் முன்-அழைப்பு (கோப்பு வேலை நடக்க முதல் வாறது) முதல்ல போகும். பின்-அழைப்பு (வேலை முடிஞ்ச பிறகு வாறது) கீழயிருந்து மேல வரும்.
நோட்பேட்டில மட்டும் சோதிக்காதேங்கோ. வேர்ட் தற்காலிகக் கோப்பில எழுதிப் பிறகுதான் பெயர் மாத்தும். அந்தப் பெயர்மாற்றத்திலதான் நிறைய ஃபில்டர்கள் சறுக்கும்.

தெகிவளை:
தம்பி, இது மறுநுழைவு (உங்கட அழைப்பே சுத்தி உங்களிட்டத் திரும்ப வாறது) போலக் கிடக்கு. கோப்பு திறக்கேக்க ஓடுற கிரியேட் கால்பேக்குக்குள்ள, கோப்பைத் திறக்கிற இசட்டபிள்யூகிரியேட்ஃபைலை அழைச்சால் கோரிக்கை அடுக்கின்ர உச்சிக்கே போய்த் தடுப்பானைத் திரும்ப எழுப்பும். அது கோப்பை வாசிக்க உங்களிட்ட வரும். நீங்கள் பூட்டை (ஒரு நேரத்தில ஒரு திரெட்டை மட்டும் விடுறது) பிடிச்சிருந்தால் ரெண்டும் ஒண்டையொண்டு பார்த்துக்கொண்டு மாட்டும். அதுக்குப் பதிலா எஃப்எல்டிகிரியேட்ஃபைலைப் பாவிச்சு, அதுக்கு உங்கட இன்ஸ்டன்சை (அடுக்கில உங்கட ஃபில்டர் நிக்கிற இடம்) குடுங்கோ, கோரிக்கை கீழ மட்டும்தான் போகும். உறைஞ்ச நேரம் கேர்னல் டீபக்கரில ரெண்டு திரெட்டின்ர ஸ்டாக்கையும் (எது எதை அழைச்சது எண்ட வரிசை) எடுத்தால் தெளிவாத் தெரியும். டிரைவர் பிழைகளைப் பிடிக்கிற டிரைவர் வெரிஃபையரையும் போட்டே ஓட்டுங்கோ.

வெள்ளவத்தை:
இசட்டபிள்யூ அழைப்புத்தான் இருக்கு அண்ணை, பூட்டுக்குள்ளயே. மாத்திறன்.