பயத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச உதவி வேண்டும்

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கோயில் மண்டபத்தில் மாலை டியூசன் நடத்துகிறேன். மாதக் கடைசியில் பயத்தைப் பற்றி ஒரு வகுப்பு எடுக்கப் போகிறேன். பயப்படுகிறவன் கோழை என்று கேட்டே வளர்கிறார்கள். அது என்னை உறுத்துகிறது.

செம்பனைத் தோட்டத்துக்குள் நாகத்தைக் கண்டால், நாம் யோசித்து முடிப்பதற்குள் மூளையிலுள்ள அமிக்டலா உடம்பை உசுப்பிவிடுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, கைகால் தசைகளுக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயார். அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915இலேயே இதை எழுதினார். அமிக்டலா சேதமடைந்த ஓர் அமெரிக்கப் பெண்ணுக்குப் பாம்பைக் கண்டும் பயமில்லை, கத்தியைக் காட்டி மிரட்டியபோதும் பயமில்லை. ஆனால் 2013இல் வெளிவந்த ஆய்வில், 35 விழுக்காடு கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசித்ததும் அவரே பீதியடைந்தார். மூச்சுக்கு ஆபத்து என்றால் உடம்பு வேறு வழியிலும் எச்சரிக்கிறது!

இவ்வளவு சொல்லிவிடுவேன். ரப்பர் மரம் சீவியவர்களும் செம்பனைக் குலை அறுக்கிறவர்களும், பயம் உங்களைக் காப்பாற்றிய அனுபவம் இருந்தால் எழுதுங்கள். பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டுகிறேன்.

அப்புறம், குடித்துவிட்டு வரும் அப்பாவுக்குப் பயப்படுகிற பிள்ளையிடம் 'பயப்படாதே' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பயம் நியாயமானது. அரசாங்கத்தின் உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசே (Talian Kasih) எண் 15999ஐச் சொல்லித் தருவேன். அதற்குமேல் எப்படிப் பேசுவது? கவுன்சலிங் ஆசிரியர்கள், மனநல மருத்துவர்கள் யாராவது வழிகாட்டுங்கள். ஒரு சனிக்கிழமை நேரில் வர முடிந்தால் இன்னும் நல்லது; போக்குவரத்தும் சாப்பாடும் என் பொறுப்பு.