பீ பஃபர் நல்லா சாப்பிடுது, ஆனா வயிறு ஒட்டிக்கிட்டே போகுது – என்ன நோய்?

நெல்லை தொட்டி:
வணக்கம். 40 லிட்டர் செடித் தொட்டியில் மூன்று பீ பஃபர் (சின்ன நன்னீர் மீன்). அதில் ஒன்று மட்டும் மெலிந்துகொண்டே வருகிறது. உறைந்த ரத்தப்புழு போட்டால் முதலில் ஓடி வருவது அதுதான். மேலிருந்து பார்த்தால் தலை பெரிதாகவும் உடம்பு ஒடுங்கியும் தெரிகிறது. கழிவு வெள்ளை நூல் மாதிரி தொங்குகிறது. நிறமும் மங்கல். தண்ணீர் சோதனையில் அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 10, வெப்பநிலை 26 டிகிரி. எல்லா நோய்க்கும் ஆகும் என்று கடைக்காரர் ஒரு நீல மருந்து கொடுத்தார். ஊற்றலாமா?

பஃபர் பிரியன்:
ஊற்றாதீங்க தம்பி. பஃபருக்குச் செதில் கிடையாது. செம்பு, ஃபார்மலின் கலந்த மருந்தெல்லாம் அதன் உடம்பை நேராகத் தாக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத மருந்து வேண்டவே வேண்டாம்.

நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. பயந்தாலும், சண்டை போட்டாலும் அது நிறம் மாறும். வயிறையும் கழிவையும் பாருங்க. தின்ற பிறகு வயிறு உருண்டு இருக்கணும். நன்றாகத் தின்றும் வயிறு உள்வாங்கி, கழிவு வெள்ளையாக வந்தால் குடல் புழுவைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். இந்த மீன் கேரளத்துப் பம்பை போன்ற ஆறுகளுக்கு உரியது. கடைக்கு வருவதில் பெரும்பாலானவை ஆற்றில் பிடித்தவை. புழுவோடுதான் வரும் என்றே வைத்துக்கொள்ளணும்.

செடித்தொட்டி அக்கா:
மூச்சு எப்படி? செவுள் வேகமாக அடித்தாலோ, மேலேயே நின்றாலோ அது வேறு பிரச்சினை. உப்புத்தூள் தூவியதுபோல் புள்ளி உண்டா? வால் மடங்கி இருக்கிறதா?

நெல்லை தொட்டி:
மூச்சு சாதாரணம்தான் அக்கா. புள்ளி இல்லை. வால் கொஞ்சம் மடங்கியிருக்கு. மற்ற இரண்டும் குண்டாக இருக்கு.

பஃபர் பிரியன்:
அப்போ லெவமிசோல். ஆடு, கோழிக்குப் புழு நீக்க கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும். ஆக்ஸிகுளோசனைடு கலந்ததும் விற்பார்கள், அதை வாங்கவே கூடாது. அட்டையைப் படித்து, மருந்துச் சத்து லிட்டருக்கு 2 மில்லிகிராம் வருகிற மாதிரி கணக்குப் போடுங்க. உங்கள் 40 லிட்டர் தொட்டிக்கு 80 மில்லிகிராம். குண்டாக இருக்கும் இரண்டுக்கும் சேர்த்து அதே தொட்டியில்தான் போடணும். வடிகட்டியில் கரி இருந்தால் எடுத்துடுங்க. விளக்கை அணைத்து 24 மணி நேரம் விடுங்க. பிறகு பாதித் தண்ணீர் மாற்றி, தொட்டித் தரையில் கிடப்பதைக் குழாயால் நன்றாக உறிஞ்சி எடுக்கணும். இந்த மருந்தில் புழு சாவதில்லை, முடங்கி வெளியே விழும்; கிடந்தால் மீன் திரும்பத் தின்னும். புழு முட்டையிலிருந்து பொரிப்பவைக்காக இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி போடணும்.

செடித்தொட்டி அக்கா:
அதன் பிறகும் வெள்ளைக் கழிவு நிற்காவிட்டால் குடலில் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி இருக்கலாம். அதற்கு மெட்ரோனிடசோலை உணவில் ஊறவைத்துக் கொடுப்பார்கள். இரண்டையும் ஒன்றாகத் தொடங்காதீங்க. மீனை இடம் மாற்ற வேண்டியிருந்தால் வலையில் தூக்காமல் தண்ணீரோடு குவளையில் எடுங்க. வெளியே தூக்கினால் காற்றை விழுங்கி ஊதிக்கொள்ளும்.

நெல்லை தொட்டி:
முதல் தடவை மருந்து முடிந்தது. கழிவு பழுப்பாக வருது. வயிறு இன்னும் நிறையவில்லை. சின்ன நத்தையும் கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன்.

பஃபர் பிரியன்:
நல்லது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுங்க. இரண்டாவது தடவை மருந்தை விட்டுடாதீங்க.