யூனிக்ஸில் நெட்வொர்க் பிரிண்டர் மாட்டிப் பட்ட பாடு: உங்க கதை?

பழைய டெர்மினல்:
சன்ஓஎஸ் 4. பிரிண்டர் விவரம் எழுதும் பிரிண்ட்கேப் ஃபைலில் ஆர்எம் (தூரத்து மெஷின் பெயர்), ஆர்பி (அங்கே உள்ள கியூ, அதாவது அச்சு வரிசையின் பெயர்), எஸ்டி (ஸ்பூல் டைரக்டரி) எல்லாம் எழுதியாச்சு. அச்சுக்கு அனுப்பும் எல்பிஆர் கமாண்ட் அடித்தால் பேப்பர் வராது. லோக்கல் பிரிண்டருக்கான டெவ்-எல்பியைத் திறக்க முடியலைன்னு லாக் புலம்பும். நெட்வொர்க் பிரிண்டருக்கு டெவ்-எல்பி எதுக்கு? ரெண்டு நாள் மண்டை காய்ஞ்சு, கேபிள் போட்ட அண்ணனிடம் கத்திட்டேன். அவர் பதிலே பேசாம கேபிளைக் கழற்றி, திரும்ப மாட்டிக் காட்டிட்டுப் போனார். மூணாம் நாள் புதுசா சேர்ந்த பையன் வி எடிட்டரில், வரி முடிவை டாலர் குறியா காட்டும் 'செட் லிஸ்ட்' போட்டான். எல்லா வரியிலும் பேக்ஸ்லாஷை ஒட்டி டாலர். ஒரு வரியில் மட்டும் நடுவே ஒரு ஸ்பேஸ். பேக்ஸ்லாஷ் வரியோட கடைசி எழுத்தா இருந்தாதான் அடுத்த வரி சேரும்; அதனால அங்கேயே என்ட்ரி முடிஞ்சது, ஆர்எம் கண்ணிலேயே படலை, லோக்கல் பிரிண்டரைத் தேடப் போயிருக்கு. அண்ணனிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கலை.

படிக்கட்டு:
என் பெயரே காரணம் சொல்லும். சம்பளப் பட்டியல், மாசக் கடைசி, பிரிண்டரோட 9100 போர்ட்டுக்கு, நடுவே எதுவும் இல்லாம நேரா அனுப்பினேன். ஒவ்வொரு வரியும் முந்தினது முடிஞ்ச இடத்துல தொடங்கி, வலது ஓரத்துல விழுந்து காணாம போச்சு. மேனேஜர் தாளைச் சாய்ச்சுப் பார்த்து, "என்னப்பா, சாரல் அடிக்குதா?" என்றார். வரி முடிவில் யூனிக்ஸ் எல்எஃப் (அடுத்த வரிக்கு இறங்கு) மட்டும் அனுப்பும், பிரிண்டர் சிஆரும் (இடது ஓரத்துக்குத் திரும்பு) கேட்கும். பிரிண்டரோட நெட்வொர்க் கார்டில் 'டெக்ஸ்ட்'னு ஒரு கியூ இருந்தது. 9100-ஐ விட்டு எல்பிடி (யூனிக்ஸோட அச்சு சர்வீஸ்) வழிக்கு மாறி, ஆர்பியில் அதைப் போட்டேன், சரியாச்சு.

ஸ்பூல் சாமி:
படிக்கட்டு, அது வைத்தியமே இல்லை. டெக்ஸ்ட் கியூ எல்லா 0ஏ-வுக்கும் (எல்எஃப்) 0டி (சிஆர்) சேர்க்கும். பிசிஎல் (ஹெச்பியோட பிரிண்டர் மொழி) படம் அனுப்பினா நாசம். ஃபில்டரில் (அச்சுக்கு முன்னாடி ஓடும் புரோகிராம்) எஸ்கேப் &கே2ஜி, அதாவது எல்எஃப் வந்தா சிஆரும் செய்னு பிரிண்டருக்குச் சொல்லும் கட்டளை, சேருங்க, கியூ எதையும் மாத்தாத 'ரா'வாவே இருக்கட்டும். கேட்கலைன்னாலும் சொல்றேன்: பிரிண்ட்கேப்பில் எம்எக்ஸ்#0 (ஃபைல் அளவுக்கு வரம்பு இல்லை) போடுங்க, இல்லைன்னா பழைய பிஎஸ்டி யூனிக்ஸ் சுமார் 1 எம்பியோட ஃபைலை வெட்டும். எஸ்ஹெச் போட்டா, யாரோட வேலைன்னு முதல்ல அடிக்கும் பேனர் தாள் மிச்சம். பிரிண்டருக்கு ஐபியை நிலையா வைங்க. எல்பிடி விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 1179 படி எல்பிடி கிளையன்ட் 721 முதல் 731 வரைதான் சோர்ஸ் போர்ட் எடுக்கணும். மொத்தம் 11. சின்னச் சின்ன வேலையா மளமளன்னு அனுப்பினா போர்ட் தீர்ந்து கியூ நிக்கும், பிரிண்டரைத் திட்டாதீங்க.
என் கதையா? பிசிஎல் மட்டும் தெரிஞ்ச பிரிண்டருக்குப் போஸ்ட்ஸ்கிரிப்ட் (வேறொரு பிரிண்டர் மொழி) அனுப்பினேன். படத்துக்குப் பதிலா அந்த புரோகிராம் வரிகளையே, ட்ரே காலியாகும் வரை அச்சடிச்சுத் தள்ளுச்சு.

படிக்கட்டு:
சாமி, அன்னிக்கு வேண்டியது சம்பளப் பட்டியல். அதுல படம் ஏது?