மாங்கனீஸ் கேட்டலிஸ்ட் சல்ஃபர் பட்டதும் படுத்துடுது, யாராச்சும் வழி சொல்லுங்க

கிண்டி பக்கம் ஒரு லேப்ல பிஎச்டி பண்றேன். அம்மோனியா வச்சு நாக்ஸை (புகையில வர்ற நைட்ரஜன் ஆக்சைடுகள்) நைட்ரஜனா மாத்துற மாங்கனீஸ்-சீரியம்-டைட்டானியா பவுடர்தான் என் கேட்டலிஸ்ட் (வினையூக்கி), 150 டிகிரில 90 சதவீதம் நாக்ஸை ஜம்முனு மாத்திடுது, ஆனா 100 பிபிஎம் சல்ஃபர் டைஆக்சைடு விட்டா நாலே மணி நேரத்துல 45க்கு இறங்கிடுது. மூணு மாசமா இதே கதைதான். ரியாக்டர் வெளிவாய்ல வெள்ளையா உப்பு மாதிரி படிஞ்சிருக்கு, அம்மோனியம் சல்ஃபேட்டா தான் இருக்கும். 350 டிகிரில சூடு பண்ணேன், பாதிதான் திரும்ப வந்துச்சு, மீதி மாங்கனீஸே சல்ஃபேட் ஆயிடுச்சு போல. தண்ணில கழுவினேன், மாங்கனீஸும் சேந்து கரைஞ்சு போச்சு (கைட் மூஞ்சிய பாக்கணுமே). சீரியத்த கூட்டினா கூடுதலா ஒரு மணி நேரம் தாங்குது, அவ்ளோதான். காப்பர் ஜியோலைட்டுக்கு (இதே வேலைக்கான வேற வகை கேட்டலிஸ்ட்) மாற டைம் இல்ல. 150 டிகிரில இருக்குற வேகம் குறையாம மாங்கனீஸ காப்பாத்த எந்த உலோகத்த, எவ்ளோ சேக்கலாம்?